டிக்கெட் கவுன்ட்டருக்குப் பதினான்கு சென்டிமீட்டர்

பட்டறையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறை அது. மற்றவர்கள் சுவரை அளந்த கையோடு பலகையை அறுக்கப் போய்விடுவார்கள். இவர் முதலில் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, அதே அளவில் ஒரு பொய் அலமாரி கட்டி, வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையிலேயே இரண்டு நாள் நிறுத்திவிட்டு வருவார். வீட்டுக்காரம்மா அதில் முழங்கையை இடித்துக்கொண்டால் நான்கு விரல் குறைப்பார். இடித்துக்கொள்ளவில்லை என்றால்தான் மரத்தில் கை வைப்பார். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. ஆரம்ப காலத்தில் அறுத்துக் கெடுத்த பலகைகள் சொல்லிக்கொடுத்தது.

வீட்டு ரயிலுக்கும் அதே சட்டம்தான். வீட்டின் கடைசி அறையில் மேஜை உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டு, அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் ஒரு சின்ன ஊரை இருபது வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கட்டடமும் முதலில் அட்டையில்தான் வரும். அதற்கு ஒத்திகை என்று பெயர் வைத்திருந்தார். வெறும் முன்சுவர், இரண்டு பக்கச் சுவர், பென்சிலில் கோடிழுத்த ஜன்னல்கள், அவ்வளவுதான். மூன்று வாரம் அது பலகைமேல் நிற்கும். காலையில் டீ டம்ளரோடு போய், தாடை பலகையில் படும்படி குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கண்ணை உறுத்தினால் கட்டடம் குப்பைக்குப் போகும்.

“நம்ம கல்யாணத்தையும் மூணு வாரம் அட்டையில நிக்க வச்சுப் பாத்திருப்பீங்க. எங்கப்பா விடலை,” என்பாள் அவர் மனைவி.

நான்கு மாதத்துக்கு முன் அவருடைய அக்கா அந்த அறைக்குக் குடிவந்தாள். தனி ஆள். ரயில் நிலையத்தில் முப்பது வருடம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். குடியிருந்த வாடகை வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார். “வேற வீடு கிடைக்கற வரைக்கும்தான்டா” என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தாள். சின்ன ஊரின் குட்ஷெட் இருந்த பலகையை அவர் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் கட்டில் போட்டார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவளோடு மூன்று பெரிய அட்டைப்பெட்டிகள் வந்தன. ஒட்டிய நாடா ஒட்டியபடியே கட்டிலுக்கடியில் கிடந்தன. மாற்றுத்துணியும் மருந்தும் ஒரு பைக்குள்ளிருந்து வந்து, அதே பைக்குள் போயின.

“பிரிச்சு வைங்களேன் அண்ணி,” என்றாள் மனைவி.

“பிரிச்சா திரும்பக் கட்டணுமேம்மா.”

தம்பிக்கு அந்த நாடாதான் கண்ணை உறுத்தியது. இங்கேயே இரு என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வரவில்லை. சொன்னால் அவள் சிரித்து மழுப்புவாள் என்றும் தெரியும். அதனால் தனக்குத் தெரிந்த வழியில் சொல்லப் பார்த்தார். அக்கா வேலை பார்த்த ரயில் நிலையத்தைக் கட்டிவிடுவது.

அந்தப் பழைய கட்டடத்தை இடித்து நான்கு வருடமாகியிருந்தது. இடிப்பதற்கு முந்தின நாள் இவர் அளவு நாடாவோடு போய் பிளாட்பாரப் பக்கத்தை அங்குலம் விடாமல் அளந்து வைத்திருந்தார். அந்தப் பக்கம் ஒன்பது ஜன்னல். எண்பத்தேழில் ஒரு பங்காக்கினால் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் வந்தது. பலகையில் தண்டவாள வளைவுக்கும் ரயில்வே கேட்டுக்கும் நடுவில் இருந்ததோ நாற்பத்தொன்பது.

இதற்கு வழி இருக்கிறது. சின்ன ரயில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒன்றுபோல் இருக்கும் பாகங்களில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. நடுவில் ஒரே மாதிரி கம்பி போட்ட இரண்டு ஜன்னல்கள் அடுத்தடுத்து இருந்தன. அவற்றை எடுத்தார். பதினான்கு சென்டிமீட்டர் போக, கட்டடம் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

“அடப்பாவி, அப்படியே இருக்குடா.” ஜன்னல் ஜன்னலாக விரல் வைத்துக்கொண்டே போனாள். “இது பார்சல் ஆபீசு. இதுவும் பார்சல்தான். இது மாஸ்டர் ரூம். இது… வெயிட்டிங் ஹாலா?”

“ஆமாக்கா.”

“மாஸ்டருக்கு அடுத்து நான்தானேடா?”

அவர் தன் குறிப்பு நோட்டைப் பார்த்தார். பார்க்காமலே புரிந்துவிட்டது. கவுன்ட்டர் தெருப் பக்கம் திறப்பது. பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் அது கம்பி போட்ட ஒரு சாதாரண ஜன்னல். ஒத்திகைக்குப் பின்சுவர் கிடையாது என்பதால் தெருப் பக்கத்தைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. அவர் எடுத்தது அக்காவின் கவுன்ட்டரையும், அதையொட்டி அவள் சாப்பிட்ட சின்ன அறையையும்.

“முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் டிக்கெட் குடுத்தேன். கடைசியில எனக்கே டிக்கெட் கிழிச்சுட்டியேடா!” என்று அக்கா சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். பிறகு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் அவள் வீட்டுத் தரகரோடு போனில் பேசுவது கூடம்வரை கேட்டது. “ஒரே ரூமா இருந்தாலும் பரவால்ல. தண்ணி வந்தாச் சரி.”

தம்பி ரயில் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தார். சாலை பாலத்தில் முட்டியது. வளைவை இறுக்கிப் பார்த்தார். நீளமான ரயில் பெட்டிகள் தடம் புரண்டன. இனி இருப்பது பலகையை நீட்டுவது ஒன்றுதான். நீட்டினால் கட்டில் போக வேண்டும். முட்டிபோட்டு உட்கார்ந்து, இல்லாத பதினான்கு சென்டிமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. “என்னடா, சாமி கும்பிடறியா?”

“இடம் பத்தலைக்கா.”

“எனக்காக ஒண்ணும் நகத்தாதே. நான் போற ஆளு.”

“நீ போனா இந்த ஸ்டேஷனை நான் யாருக்குக் கட்டறது?”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அட்டை நிலையத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “பார்சல் ஆபீசு ரெண்டு ஜன்னலு வச்சிருக்கியே, அதுக்கென்ன அவ்வளவு மரியாதை?” என்றாள்.

“அசல்ல இருந்துச்சே.”

“இருந்துச்சு. அங்க இருந்த ஆளு பதினோரு வருஷம் என் பேனாவை வாங்கித் திருப்பிக் குடுத்ததே இல்ல. தூக்குடா அதை.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்சல் ஆபீசைக் கத்தியால் கீறி எடுத்தார். சரியாகப் பதினான்கு. முன்சுவரை நகர்த்தி ஒட்டலாம்; ஆனால் கவுன்ட்டருக்குத் தெருப் பக்கமும் வேண்டும்.

“டிக்கெட் நீட்டற பொந்து எவ்வளவு உயரத்துல இருந்துச்சுக்கா? தெருப் பக்கம் நான் அளக்கலை.”

“ரொம்பத் தாழ்வு. எனக்கு முகமே தெரியாது. கையைப் பாத்தே ஆளைச் சொல்லுவேன்.” தன் மார்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். அவர் அங்கேயே நாடாவைப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டார்.

“அட்டை தீந்துபோச்சு. நாளைக்குப் பட்டறையிலேருந்து கொண்டு வர்றேன்.”

“நாளைக்கு எதுக்கு?”

அக்கா குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். “கத்தியைக் குடு.” பெட்டியில் ஒட்டிய நாடாவை ஒரே இழுப்பில் கிழித்தாள். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர், ஒரு மேஜைக் கடிகாரம், இஸ்திரிப்பெட்டி. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். காலிப் பெட்டியைத் தட்டித் தட்டையாக்கித் தம்பியிடம் நீட்டினாள்.

“நல்ல கெட்டி அட்டை. வீணாக்காம வெட்டு.” பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏம்மா, உன் அலமாரியில டம்ளர் வைக்க இடமிருக்கா?”

“மேல்தட்டு நாலு மாசமா காலியாத்தான் இருக்கு அண்ணி!”

அந்த ஒத்திகை பலகைமேல் ஏறி மூன்று வாரமாயிற்று, ஆறு வாரமாயிற்று. மற்ற இரண்டு பெட்டிகளும் கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று வீடுகளாகி, மரத்துக்கு மாறியும்விட்டன. ரயில் நிலையம் மட்டும் அட்டையாகவே நின்றது. அதன் தெருப் பக்கச் சுவரில் பொந்துக்கு மேலே, பெட்டியில் அக்கா எழுதிய ‘டம்ளர்’ என்ற சொல் அப்படியே இருந்தது. எழுத்து தெரிகிற பக்கத்தை உள்ளே திருப்பி ஒட்டுவதுதான் அவர் வழக்கம்; இதை மட்டும் திருப்பவில்லை.

“இதை எப்பங்க மரத்துல பண்ணப் போறீங்க?” என்று ஒருநாள் காலை மனைவி கேட்டாள்.

அவர் தாடை பலகையில் படக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்.”

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “என் டம்ளரை யாரு எடுத்தது?”

அவர் கையிலிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரை ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.