தராசு அளந்த சேதாரம்

பண்ணைகளில் எவ்வளவு விளைச்சல் வீணாகிறது என்று அளப்பதுதான் அவர் உத்தியோகம். ஊரே அவரைத் தராசு என்றுதான் கூப்பிடும். பறித்த பிறகு சிந்துவதை மட்டும்தான் நிறுப்பார். பறிக்காதது விளைச்சலே அல்ல என்பது அலுவலகத்துச் சட்டம்; அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஒற்றைப் பழம் உருண்டு போனால் தவழ்ந்து போய் எடுப்பார். தோட்டமே நாறினால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவார்.

அன்று காலை, தக்காளிக்கு விலை இல்லையென்று ஒரு விவசாயி பழுத்துத் தொங்கிய தோட்டத்தை அப்படியே டிராக்டர் விட்டு உழுதுகொண்டிருந்தார். செருப்பில் சாறு தெறிக்க வரப்பில் நின்ற தராசு, "சேதாரம் இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்றார் விவசாயி.

"பறிச்சாத்தானேங்க கணக்கு?"

மத்தியானம் வீட்டுக்கு வந்து, இந்தச் சாமர்த்தியத்தை மனைவியிடம் சொல்லிச் சிரித்தபடி சாப்பிட உட்கார்ந்தார். தட்டு காலியாகவே இருந்தது.

"சோறு எங்கடி?"

"பானையில இருக்கு."

"பசியில உயிர் போகுது!"

"நான்தான் இன்னும் பரிமாறலையே. பரிமாறாத வரைக்கும் பசியே இல்லைன்னு எழுதிக்கோங்க" என்றாள் அவள், தன் தட்டில் போட்டுக்கொண்டே.