பிரஸ் ஷாப்பில் ஒரு நாடகம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் நாடகம் போட்டோம். நடித்தது குடியிருப்புவாசிகள். பார்த்ததும் அவர்களேதான். வேறு யார் வருவார்கள்?

நான் இருப்பது அம்பத்தூரில், ஒரு பழைய தொழிற்சாலைக்குள். இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வண்டிகளுக்குப் பாகங்கள் செய்த இடம். பல வருடம் பூட்டிக் கிடந்ததை வாங்கி, குடோனை இடித்து ஃப்ளாட் கட்டினார்கள். ஆபீஸ் கட்டடம் நூலகமானது. தகடு வெட்டிய பெரிய பிரஸ் ஷாப்பை மட்டும் இடிக்காமல் கலை அரங்கமாக்கிவிட்டார்கள். பூசாத செங்கல் சுவர், மேலே மஞ்சள் பெயிண்ட் அடித்த கிரேன்... முன்பெல்லாம் சுவர் பூசாமல் நின்றால், கட்டுகிறவருக்குப் பாதியிலேயே கை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது வருகிற விருந்தாளிகள் எல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

அந்த பிரஸ் ஷாப்பில் நிஜமாகவே வேலை பார்த்த ஒருவர் எங்கள் பிளாக்கில் இருக்கிறார். பெயர் தேவராஜ். பக்கத்து மண்ணூர்பேட்டைக்காரர். மகள் ஜெயந்தி வங்கி அதிகாரி. இங்கே ஃப்ளாட் வாங்கி அப்பாவையும் கூட்டி வந்துவிட்டார். தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ் பக்கத்திலேயே காலத்தை ஓட்டியதில் தேவராஜுக்குக் காது பாதி போய்விட்டது. அவர் ரகசியம் பேசினால்கூட லிஃப்ட் வரை கேட்கும்.

அரங்கத்தின் முதல் நிகழ்ச்சி வீணைக் கச்சேரி. ஆலாபனை நடுவில் தேவராஜ் என் பக்கம் குனிந்து — மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு — “இங்கதான் சார் நம்ம மிஷினு இருந்துச்சு” என்றார். வீணை நின்றுவிட்டது.

மறுநாள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜெயந்தியிடம் வந்தார். நாடகத்தன்று அப்பாவுக்கு வீட்டிலேயே டிவியில் லைவ் போட்டுவிடலாமே என்றார், ரொம்பப் பதமாக. ஜெயந்திக்கு அதில் நீதிபதி வேஷம். வாழ்க்கையில் முதல் மேடை. அப்பா வரக்கூடாது என்றால் நானும் நடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கும் கோபம்தான். கிரேனுக்குப் பெயிண்ட் அடித்துப் பாதுகாப்போமாம், அதற்குக் கீழே வேலை பார்த்தவரை வீட்டில் உட்காரச் சொல்வோமாம். ஆனால் அந்த வீணைக்காரரைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார் என்பதும் உண்மை.

கடைசியில் தேவராஜே வழி சொன்னார். “நான் வாயே தொறக்க மாட்டேன். கையி கீதுல்ல, அது போதும்.”

அது என்ன கை? ஜெயந்திதான் எனக்கு விளக்கினார். பிரஸ் ஷாப் இரைச்சலில் வாயால் பேசினால் யாருக்கும் கேட்காது. எல்லாமே சைகைதான். டீக்கு ஒன்று, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒன்று, மிஷினை நிறுத்து, ஓட்டு... ஷிப்ட் முடிந்ததும் ஒருவருக்கொருவர் பத்து விரலையும் விரித்துக் காட்டுவார்களாம். பவர் பிரஸ் விரலைத் தின்கிற மிஷின். இன்றைக்கு முழுசாக வீட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். எல்லோருக்கும் எப்போதும் அப்படி வாய்க்கவில்லை. தேவராஜ் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே பத்து விரலையும் காட்டுவாராம். அதைப் பார்த்த பிறகுதான் ஜெயந்தியின் அம்மா தட்டு எடுத்து வைப்பாராம்.

நாடகத்தன்று தேவராஜ் கடைசி வரிசையில், தன் மிஷின் இருந்த தூணோரமாக உட்கார்ந்தார். சொன்னபடி வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால் காவல் மாதிரி செயலாளர் நின்றார்.

தீர்ப்பு சொல்லவேண்டிய இடம். ஜெயந்தி எழுந்தார். வசனம் வரவில்லை. சுத்தமாக மறந்துவிட்டது. கண் அங்குமிங்கும் அலைகிறது, உதடு மட்டும் அசைகிறது.

தேவராஜ் மெல்ல எழுந்தார். உள்ளங்கையை முன்னால் காட்டி மெதுவாகக் கீழே இறக்கினார். நிறுத்து. ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு விரலைச் சுழற்றினார். ஓட்டு.

ஜெயந்தி மூச்சை இழுத்து விட்டார். வசனம் வந்தது. அந்த இடைவெளியை நீதிபதியின் கம்பீரம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

நாடகம் முடிந்து எல்லோரும் வணக்கம் சொல்ல வரிசையாக நின்றபோது, ஜெயந்தி மட்டும் கும்பிடவில்லை. நீதிபதி அங்கியோடு இரண்டு கைகளையும் தூக்கி, பத்து விரலையும் விரித்து அப்பாவுக்குக் காட்டினார். தேவராஜும் காட்டினார். நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன்?

செயலாளர் என் தோளைத் தட்டி, அது என்ன சைகை என்று கேட்டார். சொன்னேன்.

வெளியே வரும்போது பார்த்தேன். கதவருகே தேவராஜைக் கண்டதும் செயலாளர் கொஞ்சம் கூச்சத்தோடு தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். தேவராஜ் சிரிக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பார்த்து முடித்த பிறகுதான் தலையசைத்தார்.