தண்ணீர் நிற்காத கழனி

சுரங்கத்தில் எனக்குத் தண்ணீரை வெளியேற்றுகிற வேலை. கான்ட்ராக்ட் ஆள்தான். நிலக்கரிக்கு அடியிலிருக்கும் தண்ணீர் முட்டிக்கொண்டு மேலே வந்துவிடாமல் மோட்டார்கள் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கும். அவை நின்றுவிடாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரைக் கீழேயே அமுக்கி வைத்திருப்பது ஒரு களிமண் தட்டு. அதன் அருமையைப் பதினைந்து வருஷமாகக் கண்ணால் பார்த்தவன்தான் என் மனைவியின் கழனியைக் கெடுத்தேன்.

அரை ஏக்கர். அம்மா வீட்டுச் சொத்தில் அவள் பங்காக வந்தது. டவுன்ஷிப்பில் நாங்கள் இருக்கும் பிளாக்கிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி நேரம். ஆபீஸ் பெருக்கும் வேலையை விட்டுவிட்டு அதை நம்பி இறங்கியிருந்தாள். வாய்க்கால் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை எங்கள் மடைக்கு வரும். அடுத்த முறை வரை அதை நிறுத்தி வைப்பதில்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் எல்லாம். வரப்பின் பக்கத்தைச் செதுக்கி, சேற்றை அப்பி, வழவழவென்று பூசுவாள். நண்டு வளை ஒன்றையும் அடைக்காமல் விடமாட்டாள்.

"அங்க தண்ணி வேணாம்னு எறைக்கிறீங்க. இங்க ஒரு சொட்டு போச்சின்னா எனக்கு வவுறு எரியுது" என்பாள்.

போன வருஷம் அவள் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். அந்த இரண்டு நாளில் அவளை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பக்கத்துக் கரும்புக் கொல்லையில் ஆழக் கலப்பை ஓடிக்கொண்டிருந்தது. ஆழமாக வெட்டினால் நல்லது என்பது சுரங்கத்துக்காரன் புத்தி. டிராக்டரைக் கூப்பிட்டேன்.

"நெல்லு கழனிக்கு எதுக்குங்க இது?" என்று டிரைவர் தயங்கினார்.

"வேரு நல்லா எறங்கும். ஓட்டுங்க" என்றேன், பெரிய விவசாயி மாதிரி.

அவள் திரும்பியபோது உழவு முடிந்தது என்று மட்டும் சொன்னேன். விளைச்சலைப் பார்த்து அவள் வாயைப் பிளக்கும்போது மீதியைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

வழக்கம்போலச் சேறு கலக்கி, பரம்படித்துச் சமப்படுத்தி, நட்டோம். தண்ணீர் நிற்கவில்லை. காலையில் தளும்பிய கழனி சாயங்காலம் வெறும் சேறாகக் கிடந்தது. அவள் வரப்பைச் சந்தேகப்பட்டாள். மறுபடி செதுக்கினாள், மறுபடி பூசினாள். நகக்கண்ணெல்லாம் வெடித்துப்போனது. நானும் ஷிப்ட் முடிந்ததும் போய் அவளோடு குனிந்து ஓட்டை தேடினேன்.

இரண்டாவது முறை வந்த தண்ணீரும் போனபோது எனக்குப் புரிந்துவிட்டது. வரப்பின் வெளிப்பக்கம் ஈரமே இல்லை. தண்ணீர் நேரே கீழே போய்க்கொண்டிருந்தது. சொல்ல வாய் வரவில்லை. கோழை நான், வேறு என்ன சொல்ல. அதற்குப் பிறகும் பத்து நாள் அவளோடு தேடினேன். "இதோ இங்க ஒண்ணு இருக்குது பாரு" என்று ஒரு வளையைக்கூடக் காட்டினேன். அவளும் ஓடி வந்து அடைத்தாள்.

பயிர் வெளுக்கத் தொடங்கியதும் அவளே வேளாண்மை உதவியாளரை அழைத்து வந்தாள். அவர் ஒரு கம்பியைப் பக்கத்துக் கழனியில் குத்தினார். ஒரு சாணில் நின்றது. எங்கள் கழனியில் முழங்கால் அளவுக்கு இறங்கியது.

"வருஷக்கணக்கா சேத்துல உழுது மிதிச்சி அடியில இறுகின தட்டும்மா. அதுதான் தண்ணிய தாங்கும். ஒடைஞ்சி கெடக்குது. ஆழக் கலப்பை ஓட்டினீங்களா?"

"இல்லீங்களே" என்றாள். சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். ஓட்டச் சொன்னது நான்தான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"மறுபடி கட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"கட்டும்மா. சேத்துல ஓட்டி ஓட்டி, நாலஞ்சு போகமாவது ஆவும்."

அவர் கம்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத்தினி நாளா எங்கூட குனிஞ்சி தேடினீங்களே" என்றாள். "தெரிஞ்சிகினேதான் தேடினீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

அடுத்த முறை எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்தபோது இருவரும்தான் போயிருந்தோம். அவள் மடையை மண் வைத்து அடைத்து, தண்ணீரைப் பக்கத்துக் கழனிக்குத் திருப்பிவிட்டாள்.

"அவங்களுதாவது வெளையட்டும்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள்.