சீனர்களுக்குச் சீனப் பெருநாள் காட்டிய கதை

சீனாவிலிருந்து திரும்பி வந்த பிறகு பினாங்கில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்க பாம்பு சாப்பிட்டீங்களா?" என்பதுதான். மார்க்கெட் ஸ்திரீட் துணிக்கடை அக்காவிலிருந்து என் சொந்த நாத்தனார் வரை யாரும் பாக்கியில்லை. ஷாங்காய்க்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை நகரத்தில் இரண்டு ஆண்டுகள் குடும்பம் நடத்தினேன். பாதி நாள் ரசமும் அப்பளமும்தான். இதைச் சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம், "சாப்பிட்டோம், கோழி மாதிரியே இருந்துச்சு" என்று சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். கம்பெனி அவரைச் சீனக் கிளைக்கு அனுப்பியபோது எனக்குத் துளியும் பயமில்லை. நான் சுங்கை பினாங் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவள். இடது வீடு சீனர், வலது வீடு சீனர். அவர்கள் பேசும் ஹொக்கியென் மொழியிலேயே பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். சீனர்களைப் பற்றிச் சீனாவா எனக்குப் பாடம் எடுக்கப் போகிறது என்ற திமிர். போய் இறங்கிய முதல் வாரமே அந்தத் திமிர் மீன் கடையில் இறங்கிவிட்டது. என் ஹொக்கியென் அந்த ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தோம். சில மாதங்களிலேயே அந்த ஊர்ச் சீன மொழியான மாண்டரின் அவள் நாக்கில் ஏறிவிட்டது. நான் காய்கறிக் கடைக்கு வேண்டிய எண்களையும் மாதம், கிழமைப் பெயர்களையும் தாண்டவில்லை. ஆனால் மொழி வந்த அளவுக்கு அவளுக்குத் தோழிகள் வரவில்லை. ஒரே ஒருத்திதான், எங்களுக்கு நேர் கீழ் வீட்டுப் பெண். இரண்டும் பள்ளியிலிருந்து கைகோத்துக்கொண்டு வரும், லிஃப்டில் ஏறும், கீழ் மாடியில் அந்தப் பெண் இறங்கிவிடுவாள். எத்தனை முறை கூப்பிட்டாலும் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். வீட்டுப்பாடம், சளி, இருமல் என்று ஏதாவது வந்துவிடும். ஒருமுறை மழை என்றார். லிஃப்டுக்குள் எப்படி மழை பெய்யும் என்று கேட்க எனக்கு மொழி போதவில்லை.

மகள் சனிக்கிழமை தோறும் இரண்டு பேருக்குச் சேர்த்து வண்ணப் பென்சில்களை மேசையில் பரப்பி வைப்பாள். மாலையில் தானே எடுத்து வைப்பாள். அந்தப் பெண் வராததற்குக் காரணம் என் பெலாச்சான்தான் என்று முடிவு கட்டினேன். அந்த இறால் விழுதை வறுத்தால் மூன்று மாடிக்குச் சேதி போய்விடும். திரைச்சீலையை முகர்ந்து பார்த்தேன். கணவரையும் முகர்ந்து பார்த்தேன். பெலாச்சானை நிறுத்தினேன், சாம்பிராணியையும் நிறுத்தினேன். அப்போதும் அந்த அம்மா அசையவில்லை.

"நம்ம கறுப்பா இருக்கோம்னு பயப்படுறாங்க போல," என்று ஒருநாள் கொதித்தேன்.

"விடு லா, நம்ம என்ன இங்கேயேவா இருக்கப் போறோம்?" என்றார் கணவர்.

முதல் ஆண்டுப் பெருநாளுக்கு நாங்கள் பினாங்கு போய்விட்டோம்; மறு ஆண்டுச் சீனப் பெருநாள், அதாவது சீனப் புத்தாண்டு, வந்தது. எல்லாரும் சொந்த ஊருக்குப் போக, எங்கள் கட்டடமே காலியானது. கீழ் வீட்டுக்காரருக்கு மின் நிலையத்தில் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. அவர்களும் நாங்களும்தான் மிச்சம். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அவர்களுடைய பெருநாளை வைத்தே அவர்களை மடக்குவது என்று திட்டம் போட்டு, மகளைத் தூது அனுப்பினேன். பெருநாளில் கூப்பிட்டால் முகத்தில் அடித்த மாதிரி மறுக்க முடியுமா? அம்மாவும் மகளும் வருவதாகச் சொன்னார்கள்.

நான் விட்டேனா? மூன்று பேருக்கும் சிவப்புச் சட்டை. விருந்துக்கு யீ சாங். பெரிய தட்டில் துருவிய காய்கள், மீன், மொறுமொறுப்பான பொரியல், மேலே இனிப்புச் சாறு. மேசையைச் சுற்றி நின்று, எல்லாரும் குச்சியால் அள்ளி உயரத் தூக்கிப் போட்டுக் கத்த வேண்டும். எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிர்ஷ்டம். பினாங்கில் பெருநாள் வந்தால் அலுவலகத்தில்கூட இந்தக் கூத்து நடக்கும். பச்சை மீனை நம்பாமல் நெத்திலி பொரித்தேன். மொறுமொறுப்புக்கு முறுக்கை நொறுக்கிப் போட்டேன்.

அந்த அம்மா சாம்பல் நிற ஸ்வெட்டரில் வந்தார். இரு கைகளாலும் இரண்டு ஆரஞ்சை நீட்டினேன். எங்கள் ஊர் வழக்கப்படி அவர் இரண்டைத் திருப்பித் தர வேண்டும். அவர் நன்றி சொல்லி வாங்கி, அங்கேயே ஒன்றை உரித்துச் சாப்பிட்டார். பாவம், பசி போல என்று விட்டுவிட்டேன்.

பிறகு மேசையைச் சுற்றி நின்றோம். "ஹுவாட் ஆ!", செல்வம் பெருகட்டும் என்று கணவர் கட்டடம் அதிரக் கத்தினார். நாங்கள் மூவரும் வாரி இறைத்தோம். கேரட் ஸ்வெட்டரில் விழுந்தது. ஒரு நெத்திலி அந்த அம்மாவின் தலையில் போய் உட்கார்ந்தது. அவர் குச்சியைத் தூக்கவே இல்லை. மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"ஆன்ட்டி கேக்குறாங்க, இது இந்தியாக்காரங்க சாமி கும்பிடுற முறையான்னு."

"இல்லன்னு சொல்லு. இது அவங்க பழக்கம்னு சொல்லு!"

மகள் சொன்னாள். அவர் நெத்திலியைத் தலையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பொறந்ததுலேருந்து இப்படி ஒன்ன பாத்ததே இல்லையாம். சாப்பாட்ட இப்படித் தூக்கிப் போட்டா அவங்க வீட்ல அடி விழுமாம்."

எங்கள் மலேசியா, சிங்கப்பூர்ச் சீனர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டாக்கிக்கொண்ட பழக்கம் அது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முழுச் சீனாவுக்கும் சொந்தம் என்று நினைத்து, ஒரு சீன அம்மாவின் தலையில் நெத்திலியைப் போட்டிருக்கிறேன். மானம் போனது. கணவர் கேரட் பொறுக்கும் சாக்கில் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டார்.

அந்தச் சின்னப் பெண்தான் முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டு ஒரு பிடி அள்ளிக் கூரையைப் பார்த்து வீசினாள். அவள் அம்மா அதட்டப் போய், தானும் சிரித்துவிட்டார். பிறகு ஒரு வாய் சாப்பிட்டார். முறுக்கு பிடித்துவிட்டது, இன்னொரு தட்டுக் கேட்டு வாங்கினார். எனக்குத் துணிச்சல் வந்தது.

"உன் கூட்டாளிய ஏன் மேல அனுப்ப மாட்டேங்கிறாங்கன்னு கேளு. நம்ம வீடு நாறுதான்னு கேளு."

"அம்மா!"

"கேளு லா."

கேட்டாள். அவர் நீளமாகப் பதில் சொன்னார். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"நாத்தமெல்லாம் இல்லையாம். நமக்கு முன்னாடி இந்த வீட்ல கொரியாக்காரங்க இருந்தாங்களாம். அந்த வீட்டுப் பிள்ளையும் இவளும் ரொம்பக் கூட்டாளியாம். அவங்க போனதும் இவ ரொம்ப நாள் சரியாவே சாப்பிடலையாம். வெளிநாட்டுக்காரங்க நீங்கல்லாம் போயிடுவீங்க, எம்மகதான் உக்காந்து அழுவா, அதான் அனுப்பலன்னு சொல்றாங்க."

அவர் சொன்னது சரி. கணவரின் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது. மகளிடம் நாங்கள் அதை இன்னும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அவளுக்குப் புரியக்கூடாதென்று மலாயில்தான் பேசிக்கொள்வோம்; பினாங்குப் பள்ளியில் படித்த மலாய் அவளுக்கு மறந்திருக்கும் என்ற நம்பிக்கை.

அந்த அம்மா இன்னொரு கேள்வி கேட்டார். மகள் அதை எனக்குச் சொல்லவில்லை. தானே பதில் சொன்னாள். அதில் இரண்டு சொல் எனக்குப் புரிந்தது. ஏழு. மாதம்.

ஏழாம் மாதம் என்றால் ஜூலை. கணவர் என்னைப் பார்த்தார். என் மகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எங்களுக்காகத் தெரியாதவள்போல் இருந்திருக்கிறாள். அந்த இடத்திலேயே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையெல்லாம் இனிப்புச் சாறு.

அந்த அம்மா தன் மகளையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னாள்.

"அவ்ளோ கொஞ்ச நாள்தான் இருக்குன்னா எதுக்கு வீணாக்கணும்னு கேக்குறாங்கம்மா. நாளைக்குக் காலையிலயே அனுப்புறாங்களாம்."

மறுநாள் நாங்கள் யாரும் பல்கூட விளக்கியிருக்கவில்லை, அழைப்பு மணி அடித்தது. மகள் கதவைத் திறக்க ஓடினாள். நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.