பேப்பர் பிரிக்காத சைக்கிள்கள்

என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருந்தார் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, வாடகைச் சைக்கிள் வரிசை, கிரீஸ் பிடித்த வேட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கடையில் அதெல்லாம் ஒன்றும் கிடையாது. காற்றடிக்கிற பம்பு கூடக் கிடையாது. சீமைச் சைக்கிள் மட்டும்தான். சுவரோரமாக மேடை கட்டி, அதன்மேல் ஏழெட்டுச் சைக்கிளை நிறுத்தி, விளக்குப் போட்டு, வாசலுக்குக் கண்ணாடிக் கதவு வைத்திருந்தார். ஊரில் நகைக் கடைகள் கூட அப்போது அப்படி இல்லை.

கடை இருந்ததும் பஜாரில் அல்ல. வக்கீல், டாக்டர், புகையிலை மண்டிக்காரர், தோல் பதனிடுகிற ஷாப்பு முதலாளி என்று பணம் படைத்தவர்கள் காம்பவுண்டுச் சுவர் கட்டிக் குடியிருந்த பங்களாத் தெருவில் இருந்தது. ஒரு வக்கீலுக்குச் சொந்தமான கட்டடம். முன்பக்கம் கடை, பின்பக்கம் இரண்டு அறையில் நாங்கள். பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் எனக்குப் பிறந்த ஊர். தென்னந்தோப்பும் வாய்க்காலுமாக வளர்ந்தவளைத் தண்ணீர் இல்லாத ஊரில் கொடுக்கிறார்களே என்று கல்யாணத்தில் கேலி செய்தார்கள். தண்ணீர்க் கஷ்டம் பழகிவிட்டது. ஆள் வராத கடைக்குப் பின்னால் குடியிருப்பதுதான் பழகவில்லை.

கடை தொடங்குவதற்கு முன்னாலேயே கேட்டேன். "ஏனுங்க, பஜார்ல வச்சா நாலு சனம் வருமுங்களே?"

"நாலு சனம் வந்து என்ன செய்ய? வைரத்தக் கொண்டுபோயி கருவாட்டுச் சந்தையில விப்பாகளா? காசு எங்கன இருக்கோ அங்கனதான் ஒசந்த சாமான் போகும்" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் அவர் பங்குக்கு வந்த மானாவாரிக் காட்டை விற்றுத்தான் இந்தக் கடை. அவருடைய அண்ணனுக்குப் புகையிலை மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி இருந்தது. ஒவ்வொரு நல்ல நாளுக்கும் வீட்டுக்கு வந்து, கண்ணாடிக் கதவை ஒரு தரம் பார்த்து, "கடை தூங்குச்சுன்னா சொல்லுடா, கிட்டங்கியில ஒரு எடம் போட்டுத் தாரேன்" என்பார். தம்பிமேல் பாசம்தான். ஆனால் என் வீட்டுக்காரருக்கு அன்று சோறு இறங்காது. அண்ணன் நாற்காலியில் இருக்க, தான் எதிரே கைகட்டி நிற்பது அவர் கண்ணுக்குள் வந்துவிடும். காட்டையும் விற்றாயிற்று. இந்தக் கடை போனால் அவருக்கு அந்த இடம் ஒன்றுதான் மிச்சம்.

முதல் வருஷம் மோசமில்லை. தெருவில் வீட்டுக்கு ஒன்று வாங்கினார்கள். மகன் காலேஜில் சேர்ந்தான், மருமகன் தலைதீபாவளிக்கு வந்தான் என்று ஏதாவது ஒரு காரணம். அதற்குப் பிறகு எதற்கு வாங்குவார்கள்? ஒரு வீட்டுக்கு எத்தனை சைக்கிள் வேண்டும்? ஆனால் வருவது மட்டும் நிற்கவில்லை. சாயங்காலமானால் டாக்டரும் வக்கீலும் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பெல்லை ஒரு தட்டுத் தட்டி, "என்ன இருந்தாலும் இங்கிலீஷ்காரன் வேலை வேலைதான் சார்" என்பார்கள். நான் பின்னாலிருந்து காபி அனுப்புவேன். அந்தக் கடையில் தவறாமல் போணியானது என் காபிதான்.

சைக்கிளை விற்கும்போது அவர் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்வார். சீமையிலிருந்து வரும் சைக்கிளுக்குக் கம்பியெல்லாம் பழுப்புப் பேப்பர் சுற்றியிருக்கும். "பேப்பரைப் பிரிச்சிராதீங்க சார். அப்படியே இருக்கட்டும். பெயிண்டு புதுசாவே நிக்கும்" என்பார். வாங்குகிறவர்களுக்கும் அதில் பரம திருப்தி. நம் ஆட்கள் புது மெத்தைக்கு உறை போட்டு, உறைக்குமேல் துணி விரித்து, அதன்மேல் பாய் போட்டுப் படுக்கிறவர்கள்தானே. பேப்பரோடு கொண்டுபோய்ப் போர்ட்டிக்கோவில் நிறுத்தினால், புதுச் சைக்கிள் என்று பார்த்தவுடன் தெரியும். அந்தத் தெருவில் மூன்று வருஷமாகப் புதுசாகவே இருந்த சைக்கிள்கள் உண்டு.

ஒருநாள் டாக்டர் வீட்டுத் தோட்டக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காற்றடிக்க வந்தார். என் வீட்டுக்காரர் அவரைப் பஜாருக்குப் போகச் சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம வித்த சைக்கிளுங்க. ஒரு பம்பு வாங்கி வச்சா என்னங்க?"

"பம்ப எடுத்து வாசல்ல வச்சேன்னா அன்னையோட நானும் காத்தடிக்கிறவன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு."

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். காற்று இல்லாத சைக்கிளை யாரும் ஓட்ட மாட்டார்கள். ஓட்டாத சைக்கிளுக்கு டயர் வேண்டாம், செயின் வேண்டாம், பிரேக் கட்டை வேண்டாம், கடையும் வேண்டாம். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்குச் சண்டை நடந்திருக்கும், வியாபாரம் நடந்திருக்காது.

அணா போய் நயா பைசா வந்திருந்த சமயம். விடிந்து செத்த நேரத்தில் ஒருவர் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருப்பதைப் பல நாள் கவனித்தேன். செருப்பைக் கழற்றித் தள்ளி விட்டுவிட்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல நிற்பார். வெள்ளோடு கிராமத்துப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறவர், பூ மார்க்கெட்டுக்குக் கூடை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் நிற்கிறார் என்று பிறகு தெரிந்தது. "வேடிக்கை பாக்குறவுக எல்லாம் வாங்குறவுகளா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் குடியானவர் வீட்டுப் பெண். வாங்குகிற எண்ணம் இல்லாதவர் இத்தனை நாள் ஒரே சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. "உள்ள வாங்கண்ணே" என்று நானே கூப்பிட்டேன்.

வந்தவர் பெல்லைத் தட்டவில்லை. இங்கிலீஷ்காரனைப் பற்றியும் பேசவில்லை. மூன்று கியர் வைத்த பச்சைச் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "ஆத்தாடி, கனமே இல்லையே" என்றார். கியர் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டாம் என்றதும் முகம் மலர்ந்தது. பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"கேரியர் எங்க மொதலாளி?"

"இதுக்குக் கேரியர் வராது. இது வேகமா ஓடுற வண்டி. மாட்டினா அழகு கெட்டுரும்."

"அப்பப் பூக்கூடையத் தலையில வச்சுக்கிட்டா மிதிக்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை. ஆனாலும் விற்றார். விற்காமல் இருக்கிற நிலையில் கடை இல்லை. பேப்பரைப் பிரிக்க வேண்டாம் என்று வழக்கம்போலச் சொல்லித்தான் அனுப்பினார். ஒரு வாரம் கழித்து அதே பச்சைச் சைக்கிள் எங்கள் தெரு வழியே போனது. பூட்டுப் பட்டறையில் கொடுத்து அடித்த இரும்புக் கேரியர், அதன்மேல் ஈரச் சாக்கு, அதன்மேல் கூடை. இவர் பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார். பெற்ற பெண்ணைக் கொடுமைக்கார வீட்டில் கொடுத்தவர்போல அன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை.

அதற்குள் வெளிநாட்டுச் சாமான் வரத்துக்குக் கெடுபிடி வந்துவிட்டது. மேடையில் பாதி இடம் காலி. அண்ணன் வந்தபோது முதல் தடவையாக இவர், "பாப்பம்ண்ணே, ஆயுத பூசை முடியட்டும்" என்றார். அதுவரை "அதெல்லாம் வேணாம்ணே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆயுத பூஜைக்குத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தன் கடையில் வாங்கிய சைக்கிள்களையெல்லாம் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்திப் பொட்டு வைத்துப் பூஜை போட வேண்டும். வரிசையாக நிற்பதைப் பார்த்தால் ஊருக்கு ஆசை வரும், தனக்கும் தெம்பு வரும் என்று நினைத்திருப்பார். வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பூக்காரரிடம் நான் சொன்னேன்.

சைக்கிள்கள் வந்தன. முதலாளிகள் வரவில்லை. டாக்டர் வீட்டுச் சைக்கிளைத் தோட்டக்காரர் தள்ளிக்கொண்டு வந்தார். மண்டிக்காரர் வீட்டுச் சைக்கிளைச் சமையல்காரர் கொண்டுவந்தார். தோல் ஷாப்பு முதலாளி வீட்டுச் சைக்கிள் கணக்குப்பிள்ளையோடு வந்தது. முதலாளியே மிதித்துக்கொண்டு போனால் கணக்குப்பிள்ளைக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? ஓட்டி வந்தது ஒன்றுகூட இல்லை. எல்லா டயரும் தரையோடு தரையாக இருந்தன. பேப்பர் மட்டும் பத்திரமாக இருந்தது.

பொட்டு வைக்கப் பேப்பரைப் பிரிக்க வேண்டுமே. இவர்தான் உட்கார்ந்து பிரித்தார். மேல் சுற்றைக் கிழித்ததும் கை நின்றுவிட்டது. மழைக்காலத்து ஈரம் பேப்பருக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் வருஷக்கணக்காக உள்ளேயே இருந்திருக்கிறது. பெயிண்டு பொரிந்து, கம்பி முழுக்கச் செந்துரு. அடுத்ததைப் பிரித்தார். அதுவும் அப்படியே. தோட்டக்காரரும் சமையல்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் சிரித்திருந்தால் கூட எனக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும்.

அப்போதுதான் பூக்காரர் வந்தார். அந்த வரிசைக்கு ஓட்டிக்கொண்டு வந்த ஒரே ஆள். ஈரச் சாக்கு பட்டதில் பேப்பர் முதல் வாரமே ஊறி உரிந்து போயிருந்தது. அதனால் தினமும் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறார். பச்சை கொஞ்சம் மங்கியிருந்தது, கேரியர் கோரமாகத்தான் இருந்தது. ஆனால் ஓரிடத்தில் துரு இல்லை. கியர்ப் பிடி கை பட்டுப் பட்டு மின்னியது. "சாமி எதுவானா என்ன, கூப்ட்டீக, வந்தேன்" என்றார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பொட்டு வைக்கலாமா என்று தயங்கினேன். "வைங்கம்மா, வண்டிக்குத்தான" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்தச் சைக்கிள் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கேரியரைத் தொட்டுப் பார்த்தார். "இந்த எடத்துல ஒரு போல்ட்டு சேத்துப் போட்டா ஆடாது" என்றார்.

விஜயதசமி அன்று வாசலில் பம்பு வந்து நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் இரண்டு பேருக்குமே ஆச்சரியம். பூவுக்கு வெயில் ஆகாது. முதல் கூடைக்கு இருக்கிற கிராக்கி கடைசிக் கூடைக்கு இல்லை. மேட்டில் இறங்காமல் மிதிக்கிற வண்டி பூக்காரருக்குச் சோறு போடுகிற வண்டி என்று அந்தப் பக்கத்துப் பூந்தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உயர்ந்த சைக்கிள் தேவைப்பட்டது வேகத்தால் பிழைக்கிறவர்களுக்கு. பங்களாக்காரர்களுக்கு என்ன அவசரம்? ஒன்றைத் தவிர மேடையில் மிச்சம் இருந்ததையெல்லாம் பூக்காரர்களும் பால்காரர்களும் வாங்கிப் போனார்கள். பிறகு நம் நாட்டிலேயே செய்த நல்ல சைக்கிள்களை வரவழைத்து, பட்டறையில் சொல்லிக் கேரியர் அடித்து மாட்டிக் கொடுத்தார். விடிகாலையில் வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. அண்ணன் வந்தபோது, "கிட்டங்கி வேணாம்ணே" என்றார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

தை பிறந்து கொஞ்ச நாளில் கட்டடத்து வக்கீல் வந்தார். அன்று அவர் உட்காரவில்லை, காபியும் வேண்டாம் என்றார்.

"கடை நல்லா நடக்குது. சந்தோஷம் சார். ஆனா விடியக்காலையிலேயே பெல் சத்தம். வாசல் பூரா கூடையும் சாக்குமா இருக்கு. இது அந்த மாதிரித் தெரு இல்ல பாருங்க."

அந்தத் தெருவால் எங்களைக் காப்பாற்ற முடியவில்லை. காப்பாற்ற வந்தவர்களை அது நிற்கவிடவும் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர் மட்டும், "அதுவுஞ் சரிதான் சார்" என்றார்.

பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட இடம் ஒன்றும், பக்கத்துச் சந்தில் குடியிருக்க ஒரு வீடும் கிடைத்தன. சாமானை வண்டியில் ஏற்றும்போது டாக்டர், வக்கீல், மண்டிக்காரர் எல்லோரும் வந்து நின்றார்கள். "நம்ம தெருவுக்கே ஒரு அழகு போச்சு சார்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். கண்ணாடிக் கதவை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

தகரக் கூரைக் கடை நன்றாகவே நடந்தது. இப்போது அவரிடம் பஞ்சர்த் தொட்டியும் இருந்தது, கிரீஸ் பிடித்த வேட்டியும் இருந்தது. ஒருநாள் நான் சோறு கொண்டுபோனபோது, புதுச் சைக்கிள் வாங்க வந்த பால்காரர் ஒருவர், "பேப்பர் அப்பிடியே இருக்கட்டும்ங்க ஐயா, புதுசா இருக்கும்ல" என்றார். இவர் முழுப் பேப்பரையும் சரசரவென்று கிழித்துக் கீழே போட்டார். "படம்னா மாட்டி வையி. இது மிதிக்கிறதுக்கு" என்றார். பால்காரர் மிரண்டுபோனார்.

ஆனால் பழைய கடையின் மேடையில் இருந்தவற்றில் சிவப்புச் சைக்கிள் ஒன்றை மட்டும் அவர் விற்கவில்லை. கேரியர் இல்லாத, சீமையிலிருந்து வந்த கடைசிச் சரக்கு. எங்கள் உள்ளறையில் சுவரோரமாக நிறுத்தியிருந்தார். யார் கேட்டாலும் அது விற்பனைக்கு இல்லை என்பார். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது நான் அதைச் சுற்றித்தான் கழுவுவேன். அதற்குச் சுற்றியிருந்த பேப்பரை அவர் கடைசி வரை பிரிக்கவில்லை. உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.