வலது பக்கத்துக் கோடு

காலை ஆறு நாற்பது. பால் வாங்கக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது எதிர் வீட்டுக் காரின் முன்கதவு. முக்கால் பாகம் பச்சை, கால் பாகம் வெள்ளைப் பூச்சு. பாங்கில் வேலை பார்க்கிற எதிர் வீட்டுக்காரர் முட்டிபோட்டு அதை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டர்பன்டைன் டப்பா, மூடி திறந்தபடி.

டர்பன்டைன் வாசனை உங்களுக்கு எதை நினைவுபடுத்துமோ தெரியாது. என் வயதுக்காரர்களுக்கு மூட்டுவலித் தைலம் ஞாபகம் வரவேண்டும். எனக்கு வந்தது மயிலாப்பூரில் அண்ணாவின் கார் கொட்டகை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு இருபத்து நாலு வயது, பத்திரிகை ஆபீசில் புரூஃப் பார்க்கிற வேலை. தலைகீழாக விழுந்த ஓர் எழுத்துகூட என்னிடமிருந்து தப்பாது என்று கர்வம் உண்டு. அண்ணா என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். கண் டாக்டர், புரை எடுப்பதில் பெயர் வாங்கியவர். அவர் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்து மாதக்கணக்காகியிருந்தது. தினமும் எதிரே உட்கார்ந்து காபி குடித்தவன் நான். கவனிக்கவில்லை.

மாசி மாதம் லீவு போட்டுவிட்டு, காருக்குத் தானே பெயின்ட் அடிக்கப்போவதாகச் சொன்னார். மன்னிக்குப் பிடிக்கவில்லை. “கண் டாக்டர் கொட்டகையில உக்காந்துண்டு காரைச் சுரண்டிண்டிருக்கார்னு ஊரே சிரிக்கறது” என்றாள். நானும் சிரித்தவர்களில் ஒருவன்தான்.

ஒருநாள் மத்தியானம் ஆபீசுக்குக் கிளம்பும்போது கொட்டகையில் அண்ணாவும் மன்னியும் பேசுவது காதில் விழுந்தது.

“கார்ல ரெண்டு பக்கமும் நான் இழுக்கற கோடு நேரா வந்துடுத்துன்னா ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போறேன். வரலேன்னா இனிமே கத்தியைத் தொடறதில்லே.”

“காரும் கண்ணும் ஒண்ணா?”

“காரை அழிச்சுட்டு மறுபடி போடலாமே” என்றார் அண்ணா.

அன்றுதான் அந்தக் கையைப் பார்த்தேன். மடியில் சும்மா கிடந்த வலது கை. கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் வேலை செய்த விதத்தை இப்போது யாரும் பொறுமையாகக் கேட்கக்கூட மாட்டார்கள். பழைய பெயின்டைத் தண்ணீர் விட்டு நுரைக்கல்லால் தேய்த்துத் தேய்த்துத் தகரம் வரை எடுத்தார். பிறகு பூச்சுமேல் பூச்சு. ஒவ்வொன்றும் காய ஒருநாள், காய்ந்ததைத் தேய்க்க ஒருநாள். தூசி எழாமல் தரையில் தண்ணீர் தெளித்து, வாசலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டார். பங்குனி உற்சவம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். தேர் புறப்பட்டால் மாட வீதிப் புழுதி பாதி எங்கள் வீட்டில்தான்.

கடைசியில் வந்தது அந்தக் கோடு. கரும்பச்சை உடம்பில், முன்விளக்கிலிருந்து பின்பக்கம் வரை ஓடும் சந்தன நிறக் கோடு, தீக்குச்சி அகலம். சாரட்டு வண்டிக் காலத்து அலங்காரம். விரல் நீள மயிர் வைத்த மெல்லிய பிரஷ்ஷால், கையை எடுக்காமல் பின்னோக்கி நடந்துகொண்டே இழுக்க வேண்டும். இடது பக்கம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. மன்னி அன்று பாயசம் வைத்தாள்.

மறுநாள் வலது பக்கம். பின்கதவருகே கோடு நடுங்கியது. டர்பன்டைன் துணியால் துடைத்தார். மறுபடி இழுத்தார், துடைத்தார். மூன்றாவது தடவை துடைக்கவில்லை.

“பாருடா.”

“நேரா இருக்கு, அண்ணா” என்றேன்.

“எனக்கும் நேராத்தான் தெரியறது” என்றாள் மன்னி.

அப்போது சாக்கைத் தள்ளிக்கொண்டு பாக்கியம் வந்தாள். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவள். போன வருஷம் அவள் வலது கண்ணில் அண்ணா புரை எடுத்திருந்தார். இடது கண் அவர் லீவு முடியக் காத்திருந்தது.

“இன்னா டாக்டரு, அந்தக் கண்ணை எப்ப தொறப்பே? நீ இங்க வண்டிக்குப் பொட்டு வெச்சிக்கினு கீறே!”

தடித்த கண்ணாடியோடு குனிந்து, மீன் செவுளைப் பார்ப்பதுபோலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பின்கதவருகே நின்றாள்.

“இம்மாந்தூரம் கவுறு கட்னாப்புல வந்துட்டு, இங்க அலையடிக்குதே.”

“நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?” என்றாள் மன்னி.

“இன்னாம்மா இப்டி சொல்ட்டே? அவரு தொறந்த கண்ணு. தெரியாமப் பூடுமா?”

அண்ணா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அதுதான். “சரியாத்தான் சொல்றா” என்றார். பிறகு அவளிடம், “வேற டாக்டருக்குக் கடிதாசு தரேன். அவர் நன்னாப் பண்ணுவார்.”

“எம்மேல கோவமா டாக்டரு?”

அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடிதாசுக்குக் கையை நீட்டினாள்.

திங்கட்கிழமை ராஜினாமா போயிற்று. அந்தக் கோட்டை அவர் அழிக்கவில்லை. யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தபோது காரை விற்றோம். வாங்கியவர் முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டதாகக் கேள்வி. வீடு போயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடித்தனங்கள். நொச்சிக்குப்பத்தில் பாக்கியத்தின் பெயரைச் சொன்னால் எந்தப் பாக்கியம் என்கிறார்கள்.

ராஜினாமாவுக்குப் பிறகு அண்ணா பதினோரு வருஷம் இருந்தார். கடைசி நான்கு வருஷம் மன்னிதான் அவருக்குச் சாதம் ஊட்டினாள்.