பந்தல் எட்டாத கை

எனக்கு இருமல் இல்லை. சளியில் இரத்தம் இல்லை. வலது காறை எலும்பு நெஞ்சோடு சேர்கிற இடத்தில் ஒரு வீக்கம் வந்தது, அவ்வளவுதான். அந்த மூட்டில் டிபி வரும் என்று எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பந்தலில் கொடியைக் கவாத்து வெட்டுவோம், குலை அறுப்போம். தோள் வலிக்காத ஆளே அங்கே கிடையாது. அதனால் இதையும் சுளுக்கு என்று நாங்களே முடிவு கட்டினோம். இரட்டைப் பிள்ளை பெற்றவள் உருவிவிட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். என்னோடு வேலை பார்த்த மதினி இரட்டைப் பிள்ளைக்காரி. மதியம் சோறு தின்றதும் விளக்கெண்ணெய் போட்டு உருவுவாள்.

"கத்தாத ஆத்தா. ரெண்டு பெத்தப்பக்கூட நான் இம்புட்டுச் சத்தம் போடல."

"இது கையா உலக்கையா மதினி?"

சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்துவாள். வீக்கம் பெருத்தது.

சின்னமனூர் டாக்டர் சேலையை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. தேய்மானம் என்று ஊசி போட்டார். தேனியில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். சளியைச் சோதித்து டிபி இல்லை என்றார்கள். மூட்டுக்குள் கிடக்கிற கிருமியைச் சளியில் தேடினால் கிடைக்குமா? புற்றுநோயாக இருக்கும் என்று ஒருவர் போகிறபோக்கில் சொன்னார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை.

வீக்கம் உடைந்து சீழ் வந்த பிறகுதான் மதுரையில் ஒரு டாக்டர் அந்தச் சீழைச் சோதனைக்கு அனுப்பினார். டிபி. மாதக்கணக்கில் மாத்திரை தின்றேன். மூத்திரம் சிவப்பாகப் போனது, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. நோய் போய்விட்டது என்றார்கள். மூட்டு அதற்கு முன்பே அரித்துப் போயிருந்தது.

கவாத்துக்கு ஆள் எடுத்தபோது தோட்டத்துக்குப் போனேன்.

"கையத் தூக்குக்கா, பாப்போம்" என்றான் மேஸ்திரி.

தோள் மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பல்லைக் கடித்துப் பார்த்தேன். பந்தல் கம்பி எட்டவில்லை.

மதினி என் இடது கையைப் பிடித்தாள். "நான் உருவித்தான் கெடுத்துட்டேனா? டாக்டரு என்ன சொன்னாக?"

"உருவியிருக்கக் கூடாதுன்னு சொன்னாக."

பொய் சொல்லித் தேற்ற எனக்குத் தெம்பு இல்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டிப்போட்ட குச்சியப் பொறுக்குக்கா. அதுக்குக் கையத் தூக்க வேணாம்" என்றான் மேஸ்திரி.

கிழவிகள் பார்க்கிற வேலை அது. எனக்கு முப்பத்தாறு வயது. சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.